பூவாத்தாள் கிணற்றின் மேல் நின்ற மேடு

கொன்றைவலசுக் குப்பைமேடு தரையை விட்டு எழும்பியது புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில், ராகுகாலம்கூட இல்லாத ஒரு சாதாரண நேரத்தில். இடி இடிக்கவில்லை, பூமி அதிரவில்லை. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் பதினெட்டு நாளாக வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். லாரிகள் ஆபீஸ் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் தெருவுக்குத் தெரு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக யாரும் தன் தலையில் எதையும் கொட்டாத பதினெட்டு நாள் கிடைத்ததும், அந்த மேடு, வெகுநேரம் சம்மணம் போட்டுக் கால் மரத்துப்போனவர் எழுந்து நிற்பதைப்போல, மெதுவாக ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றது. ஆறு ஏக்கர் அகலம், மூன்று மாடி உயரம். குனிந்து பார்த்தால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் வெளிச்சம் தெரிந்தது.

முதலில் பார்த்தது அந்தோணி. குப்பை லாரி ஓட்டுகிறவன், வேலைநிறுத்தத்தில் பொழுது போகாமல் அந்தப் பக்கம் நடந்து போனவன். திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "மேடு எந்திரிச்சிருச்சுங்க" என்றான். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தாமல், "எவ்வளவு?" என்று கேட்டார். "ஒரு சாண் இருக்கும்." "சர்க்கரை போடலாமா?" "பாதி போடுங்க." இப்படித்தான் அந்தச் செய்தி ஊருக்குள் வந்தது. மறுநாள் நகராட்சி எஞ்சினியர் டேப்போடு வந்து நாலு மூலையிலும் அளந்தார். அவரிடம் இருந்த படிவத்தில் நீளம், அகலம், உயரம் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. தரைக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எழுதக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, ஓரத்தில் 'பொருந்தாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் கல்யாணமோ கருமாதியோ என் கூம்புக் குழாய் கட்டாமல் நடந்தது கிடையாது. ஆகையால் ஊரில் நடந்த நல்லது கெட்டது இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு. இந்த விஷயத்தில் கெட்டதில்தான் பங்கு அதிகம். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன், ஒளிக்கமாட்டேன்.

அந்த மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவள் பூவாத்தாள் ஒருத்திதான். அவளுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. கையில் கொக்கிக் கம்பியோடு மேட்டின் மேல் ஏறி, பால் கவர், பாட்டில், தகரம் என்று பொறுக்கித் தரம் பிரித்து விற்பது அவள் பிழைப்பு. மேட்டின் வடகிழக்கு மூலைக்கு அடியில் அவளுடைய நாற்பது சென்ட் நிலமும் ஓர் ஓட்டு வீடும் முப்பத்தைந்து அடிக் கிணறும் இருந்தன. அதாவது இருபத்திரண்டு வருடமாக அவள் தன் வீட்டுக் கூரைக்கு மேலேயே ஏறி வேலை செய்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் புறம்போக்கில் கொட்டிய குப்பை அவள் வேலி வரை வந்த சமயத்தில், அவள் புருஷன் செத்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. வார்டு மெம்பராக இருந்த நாச்சிமுத்து அண்ணன் நேரில் வந்து, "ஆறு மாசந்தான் பூவாத்தா, வேற எடம் பாத்துக்கிட்டு இருக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லவில்லை, சொன்ன நேரத்தில் அவர் அதை நம்பினார். பிறகு கல்யாண மண்டபம் கட்டினார், பேரன் பேத்தி எடுத்தார், சொன்னதை மறந்துபோனார். பூவாத்தாள் வெளியேறிய அன்றைக்கு வீட்டைப் பூட்டவில்லை. கிணற்று வாய்க்கு நான்கு பலகைக்கல்லை இழுத்துப் போட்டு மூடிவிட்டுப் போனாள்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை நானே குடித்திருக்கிறேன். அதில் பருப்பு வேகிற அழகே வேறு. மேடு வளர வளர, அதைச் சுற்றியிருந்த கிணறெல்லாம் நிறம் மாறி, போர்வெல் தண்ணீரில் குளித்தால் உடம்பு அரிக்க ஆரம்பித்து, அந்தப் பக்கத்துச் சனங்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்கள் ஆனார்கள். ஊருக்குள் இருந்த எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. அதனால் எங்களுக்கு அது தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் சரி.

மேடு இரண்டு சாண் எழும்பியதும் பூவாத்தாள் மம்மட்டியைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனாள். அதே நாளில் வேலைநிறுத்தமும் முடிந்தது. அந்தோணி முதல் லோடைக் கொண்டுவந்து மேட்டின் சரிவில் கொட்டினான். கொட்டியது தரையில் விழாமல் சரிவோடு ஒட்டிக்கொள்ள, மேடு இரண்டு விரற்கடை இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது.

"யாரப்பா அது! தலையில இடிக்குது!"

அந்தோணி மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான். "அக்கா, நீங்க உள்ள என்ன பண்றீங்க?"

"என்ற ஊட்டுல இருக்கறன். நீ மேல என்ன பண்ற?"

அந்தோணி எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த லோடோடு வந்தவன் கொட்டாமல் வண்டியைத் திருப்பி, ஊருக்குள் ஓட்டிவந்து, கடைவீதியில் டீக்கடைக்கு எதிரே நிறுத்திவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அடியில ஆள் இருக்குது. நான் கொட்டமாட்டேன். வேணும்னா நீங்களே கொண்டுபோய் அந்தக்கா தலைமேல கொட்டிக்கங்க" என்றான். நகராட்சியிலிருந்து வந்து மிரட்டினார்கள். வேறு டிரைவரைப் போட்டார்கள். அவரும் மேட்டு வரைக்கும் போய், குனிந்து பார்த்துவிட்டு, வண்டியோடு திரும்பி வந்தார். லாரி மூன்று நாள் கடைவீதியில் நின்று நாறியது. நாலாம் நாள், மக்குகிறதை நகராட்சி உரக்கிடங்குக்கும் மிச்சத்தை மட்டும் மேட்டின் எட்டின மூலைக்கும் கொண்டுபோவது என்று ஆனபிறகே நகர்ந்தது.

எங்கள் ஊர் திருந்தியது இப்படித்தானே தவிர, நகராட்சி கொடுத்த பச்சை வாளியாலும் நீல வாளியாலும் அல்ல. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வருடக்கணக்காகக் குழாய் வைத்துச் சொன்னார்கள். அதைச் சொன்ன குழாயும் என்னுடையதுதான். பச்சை வாளியில் அரிசியும் நீல வாளியில் ஊறப்போட்ட துணியும் வைத்திருந்தோம். இப்போது மேட்டுக்கு அடியில் பெயரும் முகமும் உள்ள ஒருத்தி இருந்தாள். கையில் ஒரு கவரைக் கசக்கிக்கொண்டு எங்கே வீசலாம் என்று பார்க்கிறவனைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிறவர், "பூவாத்தா தலைமேலயா போடற?" என்று கேட்கிற வழக்கம் வந்தது. முதலில் கேலியாகக் கேட்டோம். கேலிதான் எங்கள் ஊரில் சட்டத்தைவிடப் பலமானது. கறிக்கடைக்குத் தூக்குப்போசிப் பாத்திரம் கொண்டு போகாதவன் மாட்டிக்கொண்டான். காய்கறித் தோலை மண்தொட்டியில் போட்டு மூடாத வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்காரி வேண்டுமென்றே உரம் கடன் கேட்டுப் போனாள். இருபது லோடு போன இடத்தில் பத்து, பிறகு நான்கு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று குறைய, மேடு கார்த்திகையில் இடுப்பளவும் மார்கழியில் தலையளவும் எழும்பி, பூவாத்தாள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு வந்துவிட்டது.

அதிசயத்தை நாங்கள் சும்மா விடவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "மிதக்குமேடு எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். புதுமணத் தம்பதிகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மஞ்சள் துணியைக் கொண்டுவந்து கட்டப் பார்த்தவர்கள் எதில் கட்டுவது என்று தெரியாமல் ஒரு பழைய கட்டில் காலில் கட்டினார்கள். கோயில் பண்டாரம், கால் தரையில் படாததற்குப் பீடம் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டதால் கோயில் மட்டும் எழும்பவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு அந்த டப்பாவை மறக்காமல் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனோம், அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

பூவாத்தாளுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அவள் வீடு சப்பையாகிப் போயிருந்தது; ஓட்டுச் சில்லை அள்ளி ஒதுக்கி, அடுப்பு மூன்று கல்லை வைத்து, வாசலுக்குச் சாணி தெளித்து, பலகைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளினாள். கிணற்றுத் தண்ணீர் லாரியிலிருந்து வடிக்கிற கழிவு ஆயிலைப் போலக் கறுப்பாக, நுரையோடு இருந்தது. அதைச் சேந்தி வெளியே ஊற்ற ஆரம்பித்தாள். ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, நடுவில் மணலும் கரியும் போட்ட குழிகள் வைத்து, அதன் வழியாக மேட்டுக்கு வெளியே வடியவிட்டாள். நாளைக்கு இருநூறு குடம். கப்பியும் கயிறும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அந்தப் பக்கம் குழாய் கட்டப் போனபோது அவளிடம் கேட்டேன்.

"எதுக்கக்கா இந்தப் பாடு? இத்தனை வருசத்து வெசம் எறச்சாத் தீருமா?"

"என்ற கெணறுங்க" என்றாள். "ஒரு சொம்பு குடிக்கோணும். அப்பறம் செத்தாலும் பரவால்ல."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நஷ்ட ஈடு கேட்கவில்லை, வேறு வீடு கேட்கவில்லை. அந்த ஒரு சொம்புக்காக ஊரே காத்திருக்க ஆரம்பித்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்காத விஷயம். அந்தோணி தினமும் காலையில் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் சொல்வான். ஐப்பசியில் "கடுங்காப்பி" என்றான். கார்த்திகை கடைசியில் "டிகாசன், கொஞ்சம் எளசு" என்றான். போகிக்கு முந்தின வாரம் "பால் போடாத டீங்க, ரெண்டாந்தரம் கொதிக்கவெச்சது" என்று அவன் சொன்னபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். அந்த வருடம் போகியன்று எங்கள் ஊரில் ஒரு பாய்கூட எரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் நாங்கள் கெட்டோம்.

நாச்சிமுத்து அண்ணனுக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. கெட்ட மனிதர் இல்லை. அவருடைய மண்டபத்தில் சோறு போட்டால் கை நிறையப் போடுவார்; ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்காருவதற்குள் எச்சிலை ஒன்றுகூடக் கண்ணில் படாது. வந்தவர் முன்னால் இன்னொருவர் சாப்பிட்ட இலை கிடப்பது சாப்பாடு போடுகிறவனுக்கு அவமானம் என்று எங்கள் பக்கத்தில் வைத்திருக்கிறோம், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தை பிறந்ததும் அவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "நம்மூருக்கு இப்படி ஒரு பேர் கெடச்சிருக்குது. சனத்துக்கு ஒரு வேளை சோறு போட்டு அந்த மேட்டுக்கு நன்றி சொல்லோணும். செலவு என்னுது" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். அன்னதானம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? மேட்டுக்கு மேற்கே இருந்த வெட்டவெளியில் பந்தல் போடுவது என்று முடிவாயிற்று. வாழையிலை அத்தனை பேருக்குக் கட்டாது என்று வழவழப்பான காகித இலை வந்து இறங்கியது. பாயாசத்துக்குக் கப்பு, தண்ணீருக்குப் பாக்கெட். அந்தோணி மட்டும் முனகினான். "ஒரு நாளுதானப்பா" என்றோம் எல்லோரும் சேர்ந்து.

அன்னதானத்தன்று விடியற்காலையில் பூவாத்தாளைக் கூப்பிட நாச்சிமுத்து அண்ணன் அந்த மூலைக்கே போனார். நானும் கூடப் போனேன். அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிணற்று ஓரத்தில் நின்றிருந்தாள்.

"மொதல் பந்தியில நீ உக்காரோணும் பூவாத்தா."

"இல்லீங்கண்ணா, நீங்க நடத்துங்க. இன்னிக்குத் தண்ணி நல்லா வத்தியிருக்குது, தூர் வாரப்போறன். ஊத்துக்கண்ணு அடச்சுக் கெடக்குது. அதத் தெறந்துட்டா நல்ல தண்ணி வந்துரும்."

"ஒரு நாளைக்குத் தள்ளி வெச்சுக்கக் கூடாதா?"

"இத்தனை வருசமாத் தள்ளி வெச்சுக்கிட்டுத்தான இருந்தனுங்க" என்று சொல்லிவிட்டு, குடத்தையும் மம்மட்டியையும் கயிற்றில் கட்டி இறக்கி, கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் கால் வைத்து இறங்கிப் போனாள். அண்ணன் பந்தலைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

காலை எட்டு மணிக்கே பந்தி ஆரம்பித்துவிட்டது. பந்திக்கு ஐந்நூறு பேர். பத்தொன்பது பந்தி. சோறும் சாம்பாரும் கூட்டும் கேசரியும் வாளி வாளியாக ஓடின. எச்சிலைக்கென்று அந்தோணி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான், மறுநாள் பிரித்துப் போடலாம் என்று. அது நான்காவது பந்தியிலேயே நிரம்பிவிட, அதை இறக்கிவிட்டு வர அவன் உரக்கிடங்குக்குப் போனான்; அங்கே பிரித்து இறக்கச் சொல்லி நிறுத்திவிட்டதால் மூன்று மணிக்கு மேல்தான் திரும்பினான். ஐந்தாவது பந்தி எழுந்தது, ஆறாவது பந்திக்காரர்கள் கை கழுவி வந்து நின்றார்கள், இலை கிடந்தது. நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைக்கை எடுத்தேன். "தொண்டர்கள் கவனிக்கோணும்! பந்தியில எச்செல கெடக்கக் கூடாதுங்க! ஒடனே எடுத்து அக்கட்டப் போடுங்க!" அக்கட்ட என்றால் பந்தலுக்குப் பின்புறம். பந்தலுக்குப் பின்புறம் மேட்டின் சரிவு. மண்டபத்தில் பழகிய கைகள் இலையைச் சுருட்டின, சரிவில் வீசின, திரும்பி வந்தன. பதினான்கு தடவை நான் அதைக் கூவினேன். அதற்குமேல் என் குரலே எனக்குப் பிடித்துப்போய், நடுநடுவே பாட்டும் போட்டேன்.

ஒவ்வொரு பந்திக்கும் மேடு இறங்கியிருக்கிறது. ஒருவரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பந்தி எழுந்தபோது, அரிசி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அப்போது மூன்று மணி. பூவாத்தாளுக்குத் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போயிருந்த எங்கள் தெருத் தெய்வானை, போசியை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"உள்ள போக வழியில்லீங்க! மேடு உக்காந்துருச்சு! அந்தக்கா கெணத்துக்குள்ள இருக்குது!"

மேட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. அவள் வெட்டிய வாய்க்கால் மட்டும் திறந்திருந்தது. பந்தல் மூங்கில் நாலைந்தை ஒன்றோடொன்று கட்டி, நுனியில் மைக்கை வைத்துக் கட்டி, வாய்க்கால் வழியே கிணற்று வாய் வரைக்கும் தள்ளினேன். பாட்டை நிறுத்திவிட்டுக் குழாயைத் திறந்தேன். பந்தல் முழுக்க, மைதானம் முழுக்க, நான்கு கூம்பிலும் அந்தச் சத்தம் வந்தது. சரக், சரக் என்று சேற்றை அள்ளுகிற மம்மட்டிச் சத்தம். உயிரோடு இருந்தாள். வேலை செய்துகொண்டிருந்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜேசிபி வந்தது. மூன்று லாரியில் அள்ளி அடுத்த ஊர் எல்லையில் இருந்த கல்லுக்குழிக்கு அனுப்பினோம், மேடு அசையவில்லை. இன்னும் ஆறு லோடு அள்ளினோம், அசையவில்லை. அள்ளிய இடம் பள்ளமாகியதே தவிர, ஒரு நூல்கூட மேலே வரவில்லை. கூம்பில் மம்மட்டிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜேசிபி கிழித்த இடத்தில் ஒரு மெத்தை நீட்டிக்கொண்டிருந்ததைத் தெய்வானை பார்த்தாள். பூப்போட்ட மெத்தை. அவள் மாமியார் ஒரு வருடம் படுக்கையில் கிடந்து செத்த மெத்தை. செத்த அன்றைக்கே கொண்டுவந்து போட்டுவிட்டுத் தலை முழுகியிருந்தாள். ஊர் முன்னால் அது கிடப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இழுத்து எடுத்தாள், சுருட்டித் தலையில் வைத்தாள், யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் தன் வீட்டுப் படியேறியிருப்பாள் என்று நினைக்கிறேன், அப்போது மேடு ஒரு விரற்கடை எழும்பியது.

"யாரு என்ன எடுத்தீங்க?" என்று அந்தோணி கத்தினான். விசாரித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும் மேட்டுக்கு அது பாரம்தான். போட்டவர் கையால் போட்டவர் வீட்டுக்குத் திரும்பிப் போனால் மட்டும் பாரம் குறையும்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததை நான் வர்ணிக்கமாட்டேன் என்று சிலருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் கொஞ்சம் சொல்கிறேன். ஊரே மேட்டின் மேல் ஏறியது. குடியே தொடாதவர் என்று பெயர் எடுத்தவர் ஒரு சாக்குப் பாட்டிலோடு இறங்கினார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் திருத்தாத விடைத்தாள் கட்டை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார். உடையாத நல்ல பிளாஸ்டிக் நாற்காலியைத் தன்னுடையது என்று ஒருத்தி தூக்கிக்கொண்டு போனாள், மேடு அசையவில்லை, திருப்பி வாங்கி உரியவளிடம் கொடுத்தோம், அசைந்தது. கணவனும் மனைவியும் ஒரு தொட்டிலுக்கு இரண்டு பக்கம் நின்றுகொண்டு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நாங்கள் வழி விட்டோம். நான் மணமக்கள் பெயர் வெட்டிய தெர்மாகோல் எழுத்துகளை மூன்று சாக்கு நிறையப் பொறுக்கினேன். எத்தனை ஜோடியின் பெயர், எத்தனை வருடத்து எழுத்து, ஒன்றுகூட மக்கவில்லை. மேடு நெல்லளவு நெல்லளவாக எழும்பி ஒரு சாண் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அப்போது கூம்பில் சத்தம் நின்றது.

மைக் கெட்டுவிட்டதா என்று ஒயரை ஆட்டிப் பார்த்தேன். கெடவில்லை. மைதானத்தில் இருந்த எல்லோரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மீதி இருந்ததெல்லாம் மண்டபத்துக் குப்பை. இருபது வருடத்துக் கல்யாணங்கள், காதுகுத்துகள், அதற்கு மேல் அன்றைய பத்தொன்பது பந்தியின் இலை. அது யாருடையது? சாப்பிட்டவர் கைகழுவிவிட்டுப் போய்விட்டார், கல்யாணம் செய்தவர் மண்டபத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார், மண்டபத்துக்காரர் லாரியில் ஏற்றிவிட்டார். நாச்சிமுத்து அண்ணன் பந்தலின் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் சாப்படலையே" என்றார். "சோறு போட்டேன். எச்சல் அவங்களுதுதானே?"

  அண்ணன் குழாயைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்துத் தரையில் விரித்தார். மண்டியிட்டு, யார் யாரோ வழித்துத் தின்ற இலைகளை, எச்சில் ஒழுக ஒழுக, இரண்டு கையாலும் அள்ளித் துண்டில் வைத்தார். முடிச்சுப் போட்டுத் தலையில் ஏற்றினார். குழம்பு அவர் நெற்றி விபூதியைக் கரைத்துக்கொண்டு காது வழியே இறங்கியது. "என்னுதுதானப்பா. எல்லாம் என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு, பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல், மண்டபத்தை நோக்கி நடந்தார். அவர் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது மேடு இன்னொரு சாண் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு அவர் மகன் வந்தான், மருமகள் வந்தாள், அந்த மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்ட ஒவ்வொரு வீடும் வந்தது. பொழுது இறங்குவதற்குள் மேடு தொடையளவு வந்துவிட்டது. கல்யாண மண்டபத்து மேடையும் மணவறையும் கூரை வரைக்கும் குப்பையால் நிறைந்திருந்தன.

முதலில் உள்ளே போனவர் நாச்சிமுத்து அண்ணன்தான். முழங்காலால் நகர்ந்து போனார். நாங்கள் கரையில் குனிந்து, மேற்கு வெயில் மேட்டுக்கு அடியில் நீளமாகப் பாய்ந்திருந்ததில், அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிணற்று வாயில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு குடம். பிறகு சேறு அப்பிய தலை. பூவாத்தாள் ஏறி வாசலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னுங்கண்ணா இது கோலம்? பந்தி முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது" என்றார்.  "சத்தமே காணமே பூவாத்தா. நாங்க என்னவோன்னு..."

"ஊத்து தெறந்துருச்சுங்க. தண்ணி வர்ற சத்தத்தக் கேட்டுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டன். இருட்டாத்தான் இருந்துது. வுட்டுட்டு ஏறறதுக்கு மனசு வரல."

"நீ குடிச்சியா?"

"குடிச்சனுங்க."

"எப்படி இருக்குது?"

அவள் குடத்தைச் சாய்த்தாள். அவர் மண்டியிட்டபடியே இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து ஏந்தினார். என் மைக் இன்னும் அங்கே வாய்க்காலில்தான் கிடந்தது. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் அவர் உறிஞ்சுகிற சத்தமும் நான்கு கூம்பிலும் கேட்டன. வாயில் விட்டவர் முகம் கோணியது. கன்னம் உப்பியது. துப்புவதற்காக இடது பக்கம் திரும்பினார்; அங்கே அவள் சாணி தெளித்த வாசல். வலது பக்கம் திரும்பினார். அங்கே அவள் மூன்று கல் அடுப்பு. முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், பின்னால் நாங்கள் இருந்தோம். அப்படியே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு விழுங்கினார். அந்தச் சத்தமும் குழாயில் கேட்டது.

"கசக்குது பூவாத்தா."

"ஆமாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அவள் அவர் தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்தாள். "அடுத்தவங்க வாங்க."

நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைச் சொருகிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக முழங்காலால் உள்ளே போனோம். வரிசையில் நான் ஏழாவது ஆள்.